‘அப்புறம் வாங்க’ என்றால் எப்போது?

கம்ப்யூட்டர் பற்றிய பதிவு என்று தெரிந்ததும் மூடிவிடாதீர்கள். இதில் பாதிக்கு மேல் வரிசையில் நிற்பது பற்றித்தான். அது நம் தலைமுறைக்குக் கைவந்த கலை. ரேஷன், மண்ணெண்ணெய், ரயில் டிக்கெட், சினிமா என்று எல்லாவற்றுக்கும் நின்றவர்கள் நாம். நானோ வரிசையின் மறுபக்கத்தில், ஜன்னலுக்கு உள்ளே, முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அந்த ஜன்னலின் பெயர் ‘கிஷே’. பள்ளியில் தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் முண்டியடிக்கும்போது எங்கள் வாத்தியார் ‘ஷாக்கன் ஸோன் தூர்’ என்று சத்தம் போடுவார். அவரவர் முறை வரும்போது அவரவர் என்று அர்த்தம். பிறகு வேலைக்குப் போனதும் அதையே நான் தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொங்கல் விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. என் தாத்தா பிரெஞ்சு அரசாங்கத்தில் ‘எக்ரிவேன்’ ஆக, அதாவது எழுத்தராக, இருந்தார் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. எந்த வருஷம் சேர்ந்தார், எந்த ஊரில் வேலை பார்த்தார், ஒன்றும் தெரியாது. அப்பா இருந்தவரை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றியபோது அப்பா இல்லை. வீட்டில் காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தக் காலத்து நியமனங்கள் அரசிதழில் வெளியாகும். அந்த இதழ்களைப் பிரான்சில் உள்ள ஒரு சிறிய ஆவணக் களஞ்சியம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எழுத்துகளையும் பிரித்தெடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறது. தேடும் வசதிதான் சரியில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்துதான் பார்க்கவேண்டும். நான் ஊகித்து வைத்திருந்த சில வருஷங்களுக்கு மட்டும் 1,800 பக்கம். தினமும் முப்பது பக்கம் பார்த்தேன். நான்காம் நாள் கண் எரிச்சல் தாங்கவில்லை.

“தாத்தா, இதுக்குப் போய் கண்ணைக் கெடுத்துக்காதீங்க. ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தரேன். அதுவே எல்லாப் பக்கத்தையும் எடுத்து, கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேர் எங்கே இருக்குன்னு சொல்லிடும்” என்றாள் பேத்தி.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“நாளா? அசிங்க்ல எழுதினா ஒரு நிமிஷம்.”

எனக்கு ‘அசிங்கம்’ என்று காதில் விழுந்தது. அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். நான் புரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன்.

பழைய மாதிரி குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். ஒரு ஃபைல் வேண்டும் என்று பியூனை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புகிறார். பியூன் திரும்பி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார். வந்ததும் அடுத்த ஃபைலுக்கு அனுப்புகிறார். சாதாரண புரோகிராம் இப்படித்தான் வேலை செய்யும். அசிங்க்ரனஸ் என்ற முறையில் குமாஸ்தா அதே ஒருவர்தான். ஆனால் ஒரு பியூனை அனுப்பிய கையோடு இரண்டாவது பியூனை அனுப்புகிறார், மூன்றாவது பியூனை அனுப்புகிறார். யார் முதலில் திரும்பி வருகிறாரோ அவர் கொண்டுவந்த ஃபைலைப் பார்க்கிறார். காத்திருக்கும் நேரம் வீணாவதில்லை. பைத்தான் என்ற கணினி மொழியில் ‘அவெயிட்’ என்று எழுதிய இடமெல்லாம், ‘இங்கே நான் காத்திருக்கிறேன், நீ வேறு வேலையைப் பார்’ என்று சொல்லும் இடம். ‘கேதர்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதில் 1,800 வேலையைக் கொடுத்தால் 1,800 பியூனும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஒன்றை மட்டும் அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரெக்கார்டு ரூமில் இருப்பவர் எத்தனை பேர்?

அவள் எடுத்துக்கொண்ட கருவித் தொகுப்பு தானாகவே ஒரு நேரத்தில் 100 இணைப்புக்கு மேல் திறக்காதாம். அந்த மட்டில் நல்லது. இருந்தாலும் ஒரு சின்ன களஞ்சியத்தின் வாசலில் ஒரே வீட்டிலிருந்து 100 பேர் போய் நின்றால் எப்படி இருக்கும்? சில விநாடிகளில் 212 பக்கம் வந்தது. பிறகு வந்ததெல்லாம் 429.

404 என்ற எண்ணைப் பலர் பார்த்திருப்பீர்கள். கேட்ட பக்கம் இல்லை என்று அர்த்தம். 429 என்றால் ‘அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்’ என்று அர்த்தம். இது 2012-இல்தான் இணைய விதிகளில் சேர்ந்தது. பேத்தி அதைக் கண்டு அசரவில்லை. ‘429 வந்தால் மறுபடியும் கேள்’ என்று ஒரு வரி சேர்த்து ஓடவிட்டாள். “காபி குடிச்சிட்டு வந்து பார்க்கலாம் தாத்தா” என்றாள்.

குடித்துவிட்டு வந்தோம். 429-உம் இல்லை. இப்போது 403, அனுமதி மறுப்பு. என் கம்ப்யூட்டரில் வழக்கம்போல் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கும் அதேதான். எங்கள் வீட்டு இணைப்பு முழுவதையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். தினம் முப்பது பக்கம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததும் போயிற்று. அந்தக் காபி நேரத்துக்குள் எங்கள் புரோகிராம் நாற்பதாயிரம் தடவைக்கு மேல் கேட்டிருந்தது. ‘முடியாது’ என்ற பதிலுக்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆகவே, மறுக்க மறுக்க இது இன்னும் வேகமாகக் கேட்டிருக்கிறது.

பேத்தியின் முகம் வாடிவிட்டது. கிடைத்த பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு 429-க்கும் கீழே சின்னதாக ஒரு வரி இருந்தது. ‘ரிட்ரை-ஆஃப்டர்: 60’.

“இது என்ன?” என்றேன்.

“அறுபது விநாடி கழிச்சு வாங்கன்னு அர்த்தம் தாத்தா. நான்தான் அதைப் படிக்கலை.”

அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. எனக்கு ஓர் அம்மாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

1978 இருக்கும். நான் ஓய்வூதியப் பிரிவில் இளநிலை எழுத்தர். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வருவார். துப்புரவுப் பணியாளராக இருந்த கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவார். பஸ்ஸுக்கு இருந்தால் பஸ், இல்லையென்றால் நடை. இருபது கிலோமீட்டர் இருக்கும். கிஷேவுக்கு வெளியே நின்று, “ஐயா, நம்ம காகிதம்?” என்பார். நான் தலையைத் தூக்காமல், “இன்னும் வரலம்மா. அப்புறம் வாங்க” என்பேன்.

ஒரு நாள் அவர் நகரவில்லை. “அப்புறம்னா எப்போங்க ஐயா?” என்று கேட்டார். கோபமாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரிந்தால் நடுவில் கூலி வேலைக்குப் போகலாமே என்று.

நான் எரிந்து விழுந்தேன். “வரும்போது வரும், போம்மா” என்றேன். பின்னால் நின்றவர்களும், “நகரும்மா” என்றார்கள்.

எனக்குப் பதில் தெரியும் என்பதுதான் விஷயம். அந்த ஃபைல் தணிக்கைக்காக வேறு அலுவலகத்துக்குப் போயிருந்தது. போன ஃபைல் எதுவும் ஆறு வாரத்துக்கு முன்னால் திரும்பியதில்லை. ‘ஆறு வாரம் கழித்து வாங்க அம்மா’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேதி சொன்னால் அந்தத் தேதிக்கு நான் பொறுப்பு. ‘அப்புறம்’ என்றால் யாரும் பொறுப்பில்லை. எங்கள் தலைமை எழுத்தர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: “தம்பி, தேதி மட்டும் வாயால சொல்லிடாதே.”

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொரு தடவை வந்து திரும்பும்போதும் ஒரு நாள் கூலி போயிற்று என்ற கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி எழுதிக் கொடுத்தேன். “அதுக்கு முன்னால வராதீங்கம்மா, வந்தாலும் இருக்காது” என்றேன். காகிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தத் தேதியில் வந்தார். ஃபைல் வந்திருக்கவில்லை. இன்னொரு தேதி எழுதிக் கொடுத்தேன். அந்தத் தேதியில் வந்திருந்தது. அவர் என்னைத் திட்டவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை தேதி எழுதாமல் நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. தலைமை எழுத்தர் முதலில் முறைத்தார். சில மாதத்தில் எங்கள் ஜன்னலில் கூட்டம் குறைந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். சும்மா விசாரிக்க வருகிறவர்கள் நின்றதும், வேலை ஆகிறவர்களைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

அந்தப் பிரெஞ்சுக் களஞ்சியத்தின் இயந்திரம் முதல் தடவையிலேயே தேதி எழுதிக் கொடுத்திருக்கிறது. 1978-இல் நான் செய்யாததை அது செய்தது. நாங்கள்தான் படிக்கவில்லை.

“மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதலாம்” என்றேன். “கம்ப்யூட்டருக்கு யாராவது கடிதம் எழுதுவாங்களா?” என்றாள். “கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருப்பார், எனக்குத் தெரியும்” என்றேன். எத்தனையோ வருஷம் கழித்து என் பிரெஞ்சுக்கு ஒரு வேலை வந்தது. நாங்கள் யார், எதைத் தேடுகிறோம், என்ன தவறு செய்தோம் என்று எழுதி, ‘வேயே அக்ரேயே, மொஸ்யே’ என்று தொடங்கும் அந்த நீண்ட மரியாதை வாக்கியத்தோடு முடித்தேன். பேத்தி மின்னஞ்சலில் அனுப்பினாள்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. தடையை நீக்கிவிட்டார்கள். இரண்டு விநாடிக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், முடிந்தால் எங்கள் ஊர் இரவு நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் புரோகிராம் கேட்கும்போது யார் கேட்கிறார்கள் என்று பெயரும் முகவரியும் சொல்லட்டும் என்று மூன்று வேண்டுகோள். இப்படி அளவு சொல்வது அவர்கள் மட்டும் அல்லவாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தின் இடம் தேடும் சேவை விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கூடாது என்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் வைத்திருக்கும் ஆர்க்கைவ் தளம் கேள்விக்குக் கேள்வி மூன்று விநாடி இடைவெளி விடச் சொல்கிறது. பேத்திதான் தேடி எடுத்துக் காட்டினாள். எங்களைப்போல் உலகெங்கும் பலர் வாசலில் போய் இடித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இப்போது புரோகிராமைத் திருத்தவேண்டும். இந்தத் தடவை நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் அவள் ‘செமாஃபோர்’ போடலாம் என்றாள். எனக்கு அந்த வார்த்தை தெரியும். பிரெஞ்சில் அது கடற்கரையில் கப்பல்களுக்குச் சைகை காட்டும் கம்பம், ரயில் பாதையில் கை காட்டும் மரம். 1960-களில் டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தாராம். ஒரு நேரத்தில் உள்ளே ஐந்து பேர்தான், ஒருவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே போகலாம். மாதம் முதல் தேதி பென்ஷன்காரர்களை நாங்கள் அறைக்குள் விட்ட முறையும் இதுதான்.

“ஒரு பக்கம் வர எவ்வளவு நேரம் ஆகுது?” என்று கேட்டேன்.

“கால் விநாடி.”

“அப்போ ஐந்து பேர் உள்ளே இருந்தா, ஒரு விநாடியிலே எத்தனை பேர் போய் வருவாங்க?”

கணக்குப் போட்டாள். விநாடிக்கு 20. அவர்கள் கேட்டுக்கொண்டதோ இரண்டு விநாடிக்கு ஒன்று. நாற்பது மடங்கு அதிகம்.

இதை நான் கஜானா வாசலில் கற்றது. உள்ளே எத்தனை பேர் என்பது வேறு, நிமிஷத்துக்கு எத்தனை பேர் என்பது வேறு. பத்துப் பேரைத்தான் உள்ளே விடுகிறோம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். எல்லோருக்கும் காகிதம் சரியாக இருந்த நாளில் அந்தப் பத்து பேர் சட்டென்று மாறிக்கொண்டே இருப்பார்கள், காசாளருக்கு மூச்சு முட்டும். காகிதம் சிக்கலான நாளில் அதே பத்து பேர் அரை மணி நிற்பார்கள், காசாளர் வெற்றிலை போடுவார். செமாஃபோர் ஆளை எண்ணும். கடிகாரத்தைப் பார்க்காது.

“அப்படின்னா ஒவ்வொரு கேள்விக்கு முன்னாடியும் இரண்டு விநாடி தூங்கச் சொல்லிடறேன்” என்றாள். செமாஃபோரை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதினாள். ஓடவிடப் போனவளை நிறுத்தினேன்.

“1,588 பேரும் ஒரே நேரத்திலேதானே கிளம்பறாங்க? ஒவ்வொருத்தரையும் தனித்தனியா ‘இரண்டு விநாடி பொறு’ன்னு சொன்னா என்ன ஆகும்?”

யோசித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் ஒன்றாகத் தூங்கி, ஒன்றாக விழித்து, ஒன்றாகவே போய் இடிப்பார்கள். இரண்டு விநாடி தாமதமாக அதே நெரிசல். முந்நூறு பேர் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, ‘எல்லாரும் போய் அரை மணி கழித்து வாங்க’ என்று நான் ஒரு முறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அரை மணி கழித்து அதே முந்நூறு பேர்தான் வந்தார்கள்.

“அப்போ என்னதான் செய்யறது தாத்தா?”

“ஆளாளுக்கு வேற வேற நேரம் எழுதிக் கொடு.”

அதைத்தான் கடைசியில் எழுதினாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நடுவில் ஒரு வாசல். வாசலில் ஒரு நோட்டு. அதில் ஒரே ஒரு நேரம் எழுதியிருக்கும், அடுத்தவர் போகவேண்டிய நேரம். ஒரு கேள்வி வாசலுக்கு வந்ததும் அந்த நேரத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. நோட்டில் உள்ள நேரம் கடந்து போயிருந்தால் இப்போதைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. உடனே நோட்டில் இரண்டு விநாடி கூட்டி எழுதிவிட்டு, அதன்பிறகுதான் ஓரமாக உட்கார்ந்து காத்திருக்கிறது. இந்த வரிசை முக்கியம். முதலில் காத்திருந்துவிட்டுப் பிறகு எழுதினால் ஒரே நேரம் பல பேருக்குப் போய்விடும். இருப்பது ஒரே குமாஸ்தா என்பதால், அவர் எழுதும்போது நடுவில் யாரும் கையைப் பிடிக்கமாட்டார்கள்.

இன்னும் இரண்டு விதி சேர்த்தோம். மறுபடியும் கேட்க வேண்டியிருந்தால் அந்தக் கேள்வியும் வாசலுக்கு வந்து புதிதாக நேரம் வாங்கவேண்டும், குறுக்கு வழி கிடையாது. இது ஒன்று. எந்த ஒரு கேள்விக்காவது ‘அறுபது விநாடி கழித்து வா’ என்று பதில் வந்தால், அந்த அறுபது விநாடியும் யாருமே வாசலைத் தாண்டக்கூடாது. இது மற்றொன்று. ஒருவரிடம் ‘கஜானா மூடியிருக்கிறது’ என்றால் அது வரிசை முழுவதற்கும்தான்.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். இரண்டு விநாடிக்கு ஒன்றுதான் என்றால், பழைய மாதிரி குமாஸ்தாவே போதுமே? ஒன்று வந்தபிறகு ஒன்று கேட்டால் ஆகாதா, எதற்கு இந்த அசிங்க்?

அவள் ஒப்புக்கொண்டாள். பதில் எப்போதும் கால் விநாடியில் வரும் என்றால் இது தேவையே இல்லை. ஆனால் சில பெரிய பக்கங்களுக்கு ஆறு விநாடிகூட ஆகலாம். பழைய குமாஸ்தா அதற்காக வாசலையே நிறுத்திவைப்பார். புதியவர் அது வரும்வரை, சொன்ன இடைவெளியில் மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருப்பார். அப்படியானால், அந்தப் பக்கம் திடீரென்று நின்றுபோனால்? பதில் வராமலே ஆட்கள் உள்ளே சேர்ந்துகொண்டே போவார்களே? அதற்காகச் செமாஃபோரையும் எடுத்துவந்து வைத்தாள், உள்ளே ஐந்து பேருக்கு மேல் இல்லை என்று. வாசலுக்குக் கடிகாரம், அறைக்கு ஆள் கணக்கு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

‘டோக்கன் பக்கெட்’ என்று இன்னொரு முறையையும் சொன்னாள். ஒரு டப்பாவில் இரண்டு விநாடிக்கு ஒரு டோக்கன் விழுந்துகொண்டிருக்கும். அதிகபட்சம் ஐந்து சேரும். போகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போகவேண்டும். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லையென்றால் டோக்கன் சேர்ந்திருக்கும், அடுத்து ஐந்து பேர் ஒன்றாகப் போகலாம். சராசரி அதேதான். தாராளமான ஏற்பாடு. பெரிய இடங்களில் இதைத்தான் அதிகம் வைக்கிறார்களாம். நான் வேண்டாம் என்றேன். அவர்கள் ‘இரண்டு விநாடிக்கு ஒன்று’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ‘பத்து விநாடிக்கு ஐந்து’ என்று எழுதவில்லை. கணக்கில் இரண்டும் ஒன்று, வாசலில் நிற்கிறவருக்கு ஒன்றல்ல.

பிரான்சின் இரவில் கேட்கச் சொன்னார்களே. மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்தோம். அங்கே அப்போது முந்தின நாள் இரவு 11.30. முதலில் வந்த 212 பக்கம் கையில் இருந்ததால் அவற்றை மறுபடியும் கேட்கவில்லை. மீதி 1,588. இரண்டு விநாடிக்கு ஒன்று என்றால் 53 நிமிஷம். ஒரு நிமிஷத்தில் முடிக்கிறேன் என்றவள், திரையில் ஒவ்வொரு வரியாக வருவதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு 429-கூட வரவில்லை. வெளியே யாரோ வாசல் தெளித்துக் கோலம் போடும் சத்தம் கேட்டது.

முடிந்ததும் பெயரைத் தேடினாள். இல்லை. எனக்குச் சொரேர் என்றது. பிறகுதான் நினைவு வந்தது. நம் ‘சாமி’க்கு பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு எஸ் போடுவார்கள். ஒரு எஸ் போட்டால் அவர்கள் நாக்கில் அது ‘ஜாமி’ மாதிரி ஆகிவிடும். எஸ்ஸைக் கூட்டித் தேடச் சொன்னேன். ஒரே ஓர் இடத்தில் வந்தது. ஒன்றரை வரி. எக்ரிவேனாக நியமனம், காரைக்காலில்.

காரைக்கால்! எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரை ஒருவரும் சொன்னதில்லை. என் அப்பா சின்ன வயதில் எங்கே வளர்ந்தார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

களஞ்சியத்துக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். தேதி குறித்துக் கொடுத்ததற்காகத் தனியாக ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி அவர்களுக்குப் புரிந்திருக்காது.

விடுமுறை முடிந்து பேத்தியைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, “அப்புறம் வரேன் தாத்தா” என்றாள்.

“அப்புறம்னா எப்போ?” என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“மாசி மகத்துக்கு.”